கமா அக்கா நிமிர்த்திய முழங்கை

மூன்று வாரத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் அவரை வேலைக்கு எடுத்தார்கள். நிலத்துக்கு அடியில் செம்பு இருக்கிறதா என்று தேடும் ஒரு சின்னக் கம்பெனி அது. டயர் கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் ஆபீஸ். அங்கே நான்கு இரும்பு அலமாரிகள் நிறையக் காகிதம் இருந்தது. எந்த இடத்தில் பூமியைத் துளைத்தார்கள், எத்தனை மீட்டரில் என்ன பாறை வந்தது, அந்தப் பாறையில் எவ்வளவு செம்பு என்று பல பேர் பல கையெழுத்தில் எழுதிவைத்த தாள்கள். அதையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொடுத்தால் போதும், வீட்டுக்குப் போய்விடலாம் என்றார்கள். அதற்கு முன்பு அவர் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியில் குழந்தைகளின் எடையை டைப் செய்துகொண்டிருந்தார். குழந்தையானால் என்ன, பாறையானால் என்ன, எண் எண்தானே என்று வந்து உட்கார்ந்தார்.

மூன்றாவது வாரக் கடைசியில், ஒரு துளையில் பத்து மீட்டருக்குத் தொடர்ந்து இருபத்தேழு சதவீதம் செம்பு என்று ஸ்க்ரீனில் வந்தது. இரண்டு சதவீதம் வந்தாலே கைகுலுக்கிக்கொள்கிற தொழில் அது. மேனேஜர் கேக் வாங்கிவரச் சொன்னார். எல்லோரும் தின்று முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, புதிய டைப்பிஸ்ட் எழுந்து வந்து லேபிலிருந்து வந்த தாளை நீட்டினார்.

"சார், இது இருபத்தேழு இல்ல. ரெண்டு கமா ஏழு. இந்த லேப்ல புள்ளிக்குப் பதிலா கமா போடறாங்க. சாப்ட்வேர் கமாவை முழுங்கிடுச்சு."

மேனேஜர் தாளைப் பார்த்தார். பிறகு காலியான கேக் டப்பாவைப் பார்த்தார்.

"முதல்லயே சொல்லியிருக்கலாமே."

"கேக்கை வெட்டினப்புறம்தான் சார், எதுக்கு கேக்னு கேட்டேன்."

அன்றிலிருந்து அவர் கமா அக்கா. மூன்று வாரம் பத்தொன்பது வருடம் ஆனது. அவரைவிட எட்டு வயது மூத்தவர்களும் அக்கா என்றே கூப்பிட்டார்கள். சம்பளச் சீட்டில் மட்டும் சொந்தப் பெயர் இருந்தது. அதைப் பார்த்து இது யார் என்று கேட்டவர்களும் உண்டு.

அவருடைய வேலை என்ன என்று வெளியே யாருக்கும் விளக்க முடிந்ததில்லை. கணவர் லிப்ட் மெக்கானிக். யாராவது கேட்டால், "என் வீட்டுக்காரம்மா பூமியில இருக்கிற ஓட்டைய எண்றாங்க" என்பார். அது பெரிய தப்பில்லை. ஒவ்வொரு துளைக்கும் நான்கு அட்டவணைகள் உண்டு. துளையின் வாய் எங்கே இருக்கிறது என்பது ஒன்று. உள்ளே எந்தத் திசையில் எவ்வளவு சாய்ந்து போகிறது என்பது இன்னொன்று. வழியில் என்னென்ன பாறை, எத்தனையாவது மீட்டரில் எவ்வளவு செம்பு என்று மற்ற இரண்டும். நான்கையும் கொடுத்தால் சாப்ட்வேர் அந்தத் துளைகளைக் கறுப்புத் திரையில் வண்ணக் குச்சிகளாக நட்டுக் காட்டும். மவுஸைப் பிடித்து மலையைக் கவிழ்த்து அடியிலிருந்து பார்க்கலாம்.

நான்கில் ஒன்று பிசகினாலும் குச்சி வேறெங்கோ போய்விடும். கிழக்கையும் வடக்கையும் ஒருவர் இடம் மாற்றி எழுதியதால் ஒரு துளை நடுக்கடலில் நின்றது. இன்னொன்றில் சாய்வுக்கு முன்னால் வரவேண்டிய மைனஸ் விட்டுப்போய், முந்நூறு மீட்டர் துளை வானத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது. அக்கா அதைப் பிடித்துப் பூமிக்குள் அனுப்பிவைத்தார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார் என்று மற்றவர்கள் சொல்வார்கள். உண்மையில் அவர் கண்ணுக்கு விடுவது டாக்டர் எழுதிக்கொடுத்த சொட்டு மருந்துதான்.

இத்தனைக்கும் அந்த மலையை அவர் நேரில் பார்த்ததே இல்லை. பஸ்ஸில் எட்டு மணி நேரப் பயணம். போகவேண்டிய அவசியம் வந்ததில்லை. மகள் ஒருநாள், "நீ பார்க்காத இடத்துலதானா இத்தனை வருஷமா வேலை செய்றே?" என்று கேட்டாள். "எனக்கு அந்த மலையோட வயிறு தெரியும். முகம்தான் தெரியாது" என்றார் அக்கா.

அந்த வயிற்றுக்குள் செம்பு எப்படிப் படுத்திருக்கிறது என்று வரைவது தலைமைப் புவியியலாளரின் வேலை. அவரை எல்லோரும் புரொபசர் என்பார்கள். எந்தக் கல்லூரியிலும் அவர் பாடம் எடுத்ததில்லை. பேசினால் வகுப்பு மாதிரி இருக்கும், அவ்வளவுதான். அக்கா தருகிற குச்சிகளில் செம்பு இருக்கும் இடங்களைப் புள்ளி புள்ளியாக இணைத்து, தாது இப்படித்தான் போகிறது என்று ஒரு சிவப்பு உருவம் செய்வார். மேற்குப் பக்கம் அது நேராக, பலகை மாதிரி வந்தது. கிழக்குப் பக்கம், நாற்பத்தொன்று முதல் நாற்பத்தைந்து வரையிலான ஐந்து துளைகளில், சட்டென்று மடங்கித் தெற்கே திரும்பியது.

புரொபசர் அதற்கு முழங்கை என்று பெயர் வைத்தார். பூமியின் மடிப்பில் செம்பு தேங்கும், முழங்கைக்குள் நிறையக் கிடக்கும் என்றார். மாநாடு ஒன்றில் கட்டுரை படித்தார். வாசலில் பெரிய படமாக மாட்டினார்கள். வருகிறவர்களுக்கு அதைக் காட்டும்போது புரொபசர் தன் சட்டைக் கையை மடித்து, சொந்த முழங்கையை வைத்தே விளக்குவார். நான்கு வருடம் இப்படிப் போனது.

பிறகு முழங்கைக்குள் துளைபோடப் பணம் வந்தது. ஆறு துளைகள் என்று திட்டம். முதல் துளையில் வெறும் பாறை வந்தது. ஒரு பொட்டுச் செம்பு இல்லை.

"முழங்கை கொஞ்சம் நழுவியிருக்கு" என்றார் புரொபசர். படத்தில் ஒரு பிளவை வரைந்து முழங்கையை நாற்பது மீட்டர் கீழே இறக்கினார். இரண்டாவது துளை அங்கே போனது. அதிலும் வெறும் பாறை. புரொபசர் இரண்டாவது பிளவை வரைந்தார். அந்த இரண்டு பிளவுகளையும் அவரைத் தவிர வேறு யாரும், எந்தப் பாறையிலும், பார்த்திருக்கவில்லை. மேனேஜர் மூன்றாவது துளையை நிறுத்திவைத்து, "எதுக்கும் டேட்டாவை ஒரு தடவை பார்த்திடுங்க அக்கா" என்றார். அக்கா பார்த்தார். கமா, புள்ளி, மைனஸ் எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. "சுத்தமா இருக்கு சார்" என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை கணவர் மொட்டைமாடியில் சோலார் ஹீட்டர் பொருத்திக்கொண்டிருந்தார். பலகை சரியாகத் தெற்குப் பார்க்கவேண்டுமாம். போனில் திசைகாட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டியின் இரும்புத் தாங்கலுக்குப் பக்கத்தில் நின்றார். அக்கா துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"இங்க பாரு, தெற்கு பக்கத்து வீட்டு மேல இருக்குன்னு காட்டுது."

"வெயில் எங்க அடிக்குதுன்னு பார்த்தாலே தெரியுமே."

"அதெல்லாம் தோராயம்." இரண்டடி நகர்ந்தார். "இப்ப மாமரத்து மேல இருக்குங்குது."

"இரும்பை விட்டுத் தள்ளி வாங்க. அது முள்ளை இழுக்கும்."

கணவர் தள்ளி வந்தார். தெற்கு நிலைக்கு வந்தது. அக்கா கையிலிருந்த ஈரத் தலையணை உறையைக் கொடியில் போடாமல் அப்படியே நின்றார். துளையின் திசையை அளக்கும் கருவியும் திசைகாட்டிதான். துளைபோடும் ராடுகள் எல்லாம் எஃகு.

திங்கட்கிழமை காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீஸ் வந்து, கருவியிலிருந்து நேராக வந்த பழைய பைல்களைத் திறந்தார். அவற்றில் ஆழம், திசை, சாய்வு என்ற மூன்றுக்கும் அடுத்து நான்காவதாக ஒரு நெடுவரிசை இருந்தது. அளந்த இடத்தில் காந்தப் புலம் எவ்வளவு என்ற எண். அந்த மலையில் அது எங்கே அளந்தாலும் நாற்பத்திரண்டாயிரத்தை ஒட்டித்தான் இருக்கவேண்டும். மற்ற துளைகளில் அப்படித்தான் இருந்தது. நாற்பத்தொன்றாம் துளையில் ஐம்பத்தெட்டாயிரம். நாற்பத்திரண்டாம் துளையில் அறுபத்தோராயிரம். நாற்பத்து நான்காம் துளையில் முப்பத்து மூவாயிரம். ஐந்து துளைகளிலும் திசைகாட்டி இரும்புக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறது. அது காட்டிய திசையை நம்பித்தான் சாப்ட்வேர் குச்சிகளை நட்டிருக்கிறது.

இந்த நெடுவரிசை டேட்டாபேஸில் ஏன் இல்லை என்று தேடினார். பைல் உள்ளே வரும்போது எது வேண்டும், எது வேண்டாம் என்று சொல்லும் ஒரு படிவம் சாப்ட்வேரில் இருந்தது. காந்தப் புலம் என்பதற்கு நேரே 'தேவையில்லை' என்று போட்டிருந்தது. படிவத்தைச் செய்தவர் யார் என்ற கட்டத்தில் அக்காவின் சொந்தப் பெயரே இருந்தது. தேதி பதினோரு வருடத்துக்கு முந்தையது.

பத்தொன்பது வருடமாக ஊரார் தப்பையெல்லாம் தேடிப் பிடித்தவர் அவர். மற்றவர் செய்த தப்பைச் சொல்லும்போது குரல் எப்படி இருக்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். இதற்கு என்ன குரல் என்று தெரியவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார். அந்தப் படிவத்தில் இப்போது ஒரு டிக் போட்டுவிட்டால், பதினோரு வருடமாக அது இல்லாமல் இருந்தது யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதும் தண்ணீர் குடிக்கும்போது தோன்றியது. டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேராகப் புரொபசர் அறைக்குப் போனார்.

புரொபசர் எண்களைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"காந்தக்கல் பாறை அங்க இருக்கலாமே. அதுவும் முள்ளை இழுக்கும்."

"பாறை அட்டவணையைப் பார்த்தேன் சார். அப்படி ஒண்ணும் எழுதலை."

"எழுதாம விட்டிருக்கலாம்."

"நீங்கதான் சார் எழுதியிருக்கீங்க."

புரொபசர் கண்ணாடியைத் திரும்பப் போட்டுக்கொண்டார். "நாலு வருஷமா இது ஏன் யாருக்கும் தெரியலை?"

"நான் அந்த வரிசையை எடுத்துட்டேன் சார். இடத்தை அடைக்குதுன்னு. அப்ப கம்ப்யூட்டர்ல இடம் கம்மி." கொஞ்சம் நிறுத்தி, "இடம் வந்தப்புறமும் சேர்க்கலை" என்றார்.

இருவரும் மேனேஜரிடம் போனார்கள். மேனேஜர் கத்துவார் என்று அக்கா எதிர்பார்த்தார். அவர் கத்தவில்லை. சும்மா ஜன்னல் வழியாகக் கீழே டயர் அடுக்குகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அதைவிட மோசமாக இருந்தது. கடைசியில், "பழைய துளையெல்லாம் திறந்திருக்கா?" என்று கேட்டார். இரண்டில் பிளாஸ்டிக் குழாய் இறக்கியிருந்தது, மற்ற மூன்றும் இடிந்து மூடியிருக்கும். காந்தத்தையே பார்க்காமல், பூமியின் சுழற்சியை வைத்துத் திசை சொல்லும் வேறொரு கருவி உண்டு. அதை வாடகைக்கு எடுத்து அந்த இரண்டையும் திரும்ப அளப்பது என்று முடிவானது.

"நானும் போறேன்" என்றார் அக்கா. போகவேண்டிய அவசியம் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

மகளுடைய ஷூவைப் போட்டுக்கொண்டு போனார். அரை இஞ்ச் பெரிது. முனையில் பஞ்சு வைத்துக்கொண்டார். மலை அவர் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. ஸ்க்ரீனில் அதைப் பெரிதாக்கியே பார்த்துப் பழகிவிட்டார். சரிவில் ஆங்காங்கே சிமெண்டுக் கட்டைகள், அவற்றில் பெயிண்டில் எழுதிய எண்கள். முப்பத்தேழு, முப்பத்தெட்டு, நாற்பது. ஒவ்வொன்றின் முன்பும் அக்கா கொஞ்சம் நின்றார். முப்பத்தெட்டின் மீது ஒரு ஓணான் வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

அந்த ஐந்து துளைகளையும் போட்ட டிரில்லர் இன்னும் அங்கேதான் இருந்தார். ஐம்பதைத் தாண்டிய மனிதர். எஞ்சின் சத்தத்திலேயே வாழ்ந்ததால் சாதாரணப் பேச்சும் உரக்கத்தான் வரும். நாற்பத்து நான்காம் துளைக்குள் வின்ச் கம்பியில் கருவி இறங்கிக்கொண்டிருந்தபோது அக்கா அவரிடம் கேட்டார்.

"அண்ணே, இந்தத் துளையில அளந்தப்ப ராடை மேல இழுத்துட்டுத்தானே கருவியை இறக்கினீங்க?"

"இல்லியே."

"கருவி இரும்பை விட்டு வெளிய நிக்க ஆறு மீட்டர் இழுக்கணும்னு விதி இருக்கே."

"இருக்கு. அந்த சீசன்ல ராடைப் பிடிக்கிற கிளாம்ப் தேஞ்சுபோச்சு. இழுத்தா வழுக்குது. கூட நின்னவனுக்கு நகம் போச்சு. அடுத்தது விரல் போகும். அதனால இழுக்காமலே விட்டு அளந்தேன்."

"சொல்லியிருக்கலாமே அண்ணே."

டிரில்லர் அவரைத் திரும்பிப் பார்த்தார். கோபமில்லை. ஆச்சரியம்தான். "தினமும் அனுப்புற ரிப்போர்ட் தாள்ல எழுதினேனே. அஞ்சு துளைக்கும் எழுதினேன். யாரும் ஒண்ணும் கேக்கலை. சரி, பரவாயில்லை போலிருக்குன்னு நினைச்சேன்."

அக்கா மடியில் லேப்டாப்பைத் திறந்து நாற்பத்தொன்றின் குறிப்பைத் தேடினார். டேட்டாபேஸில் 'கிளாம்ப் சரியில்லை. அதனால் ரா' என்று இருந்தது. இதை அவர் முன்பும் படித்திருக்கிறார். கிளாம்ப் சரியில்லை என்றால் வாங்கிக் கொடுப்பது ஸ்டோர்காரர் வேலை என்று கடந்துபோயிருக்கிறார். குறிப்புக்கு இத்தனை எழுத்து போதும் என்று முடிவுசெய்ததும் அதே படிவம்தான். ஸ்கேன் செய்த தாளைத் திறந்தார். டிரில்லரின் கையெழுத்து, குண்டு குண்டாக: 'கிளாம்ப் சரியில்லை. அதனால் ராடை இழுக்காமல் அளந்தேன். திசை தப்பாக இருக்கலாம். பார்த்துக்கொள்ளவும்.'

அக்கா லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"நீங்க எழுதினது எனக்கு வந்துச்சு அண்ணே. நான்தான் பாதியில வெட்டிட்டேன்."

டிரில்லர் இரண்டையும் படித்தார். "ரா வரைக்கும் வந்திருக்கே" என்றார். பிறகு, "டீ குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டு பிளாஸ்கைத் திறந்தார். அந்த டீயில் டீசல் வாடை அடித்தது. அக்கா மிச்சம் வைக்காமல் குடித்தார். கண் கலங்கியது வெயிலால்தான் என்று டிரில்லர் எடுத்துக்கொண்டார், அல்லது அப்படி எடுத்துக்கொண்டதாகக் காட்டினார்.

நாற்பத்து நான்காம் துளையின் திசை இருபத்து மூன்று பாகை தப்பாக இருந்தது. நாற்பத்தொன்றாம் துளை பத்தொன்பது பாகை. மேட்டில் துளையிடும் ரிக்கை நேராக நிறுத்த இடமில்லாமல் அந்த ஐந்தையும் கோணலாகப் போட்டிருந்தார்கள். அதனால் அந்தத் தப்பில் துளையின் அடி, தாதுவின் கோட்டை விட்டு ஐம்பது மீட்டருக்கு மேல் தள்ளிப்போயிருந்தது. மலையடிவாரத்தில் இருந்த கேம்ப் ஷெட்டிலேயே உட்கார்ந்து அக்கா புது எண்களை ஏற்றினார். திறக்க முடியாத மூன்றையும் 'திசை நம்ப முடியாது' என்று குறித்து ஒதுக்கிவைத்தார். ஸ்க்ரீனில் இரண்டு குச்சிகள் மெல்ல விலகி நின்றன. புள்ளிகளை இணைத்தால் தாது மேற்கிலிருந்து வந்தபடியே, நேர்க்கோட்டில், கிழக்கே போனது. மடங்கவே இல்லை.

போனில் புரொபசரிடம் சொன்னார்.

"லைன்ல இருக்கீங்களா சார்?"

"இருக்கேன். நேரா போனா எங்க போய்ச் சேருது?"

அக்கா மவுஸைத் திருப்பினார். தரைமட்டப் படத்தை மேலே போர்த்தினார். "கேம்ப்புக்கு வருது சார். பாறைப் பெட்டியெல்லாம் அடுக்கியிருக்கிற ஷெட்டுக்கு அடியில போகுது. நான் இப்ப உட்கார்ந்திருக்கிற இடம்."

இத்தனை வருடத்தில் மலையிலிருந்து எடுத்த பாறைத் துண்டுகள் எல்லாம் பதினோராயிரம் மரப்பெட்டிகளில் அந்த ஷெட்டில்தான் இருந்தன. தரை சமமாக இருக்கிறது, கீழே ஒன்றும் இல்லாத இடம் என்று சொல்லித்தான் அங்கே கட்டினார்கள். நகர்த்துவதற்கு ஏழு வாரம் பிடித்தது. தூக்கியவர்கள் திட்டிய திட்டு யாரைச் சேர்ந்தது என்று டிரில்லர் போனில் அக்காவிடம் சொல்லவில்லை. அக்காவும் கேட்டுக்கொள்ளவில்லை.

அங்கே போட்ட துளையில் நூற்று நாற்பத்திரண்டாவது மீட்டரில் செம்பு வந்தது. ஆறு மீட்டர் தடிமன், ஒன்று புள்ளி எட்டு சதவீதம். முழங்கைக்குள் கிடக்கும் என்று புரொபசர் சொன்னதில் மூன்றில் ஒரு பங்கு தேறும். நல்ல செம்புதான். யாரும் கேக் வாங்கவில்லை.

மேனேஜர் எல்லோரையும் கூட்டி, என்ன நடந்தது என்று அக்காவையே சொல்லச் சொன்னார். அக்கா படிவத்தைத் திரையில் போட்டுக் காட்டினார். பூசி மெழுகவில்லை. எந்த நெடுவரிசையை எடுத்தார், எந்தக் குறிப்பை வெட்டினார், 'சுத்தமா இருக்கு' என்று எப்போது கையெழுத்துப் போட்டார் என்று வரிசையாகச் சொன்னார். முடித்ததும் புரொபசர் தொண்டையைச் செருமினார்.

"பிளவு ரெண்டையும் வரைஞ்சது நான். அதை யாரும் வெட்டலை" என்றார். அன்று சாயங்காலம் வாசலில் இருந்த படத்தை அவரே கழற்றினார். ஆணி வரவில்லை. அதை அப்படியே விட்டுவிட்டார். அடுத்த மாதம் வந்தவர்களிடம், முழங்கை விஷயத்தில் தனக்கு ஆரம்பத்திலேயே ஒரு சந்தேகம் இருந்தது என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தது அக்காவின் காதில் விழுந்தது. அந்த அளவுக்கு விட்டுக்கொடுக்கலாம் என்று அக்கா நினைத்தார்.

புதுப் படிவத்தில் எந்த நெடுவரிசைக்கும் 'தேவையில்லை' கிடையாது. குறிப்புக்கு இரண்டாயிரம் எழுத்து. டிரில்லர் இப்போது இரண்டாயிரத்தையும் பயன்படுத்துகிறார். ராடு, கிளாம்ப், தண்ணீர் மட்டம் என்று தொடங்கி, சமையல்காரர் லீவில் போனது, முதுகுவலிக்கு என்ன தைலம் நல்லது என்பதில் முடிப்பார். அக்கா தினமும் காலையில் முதல் வேலையாக அதைக் கடைசி எழுத்துவரை படிக்கிறார். முக்கால்வாசி ஒன்றுக்கும் உதவாது.

மலைக்கு வருடத்துக்கு மூன்று தடவை போகிறார். சொந்தமாக ஷூ வாங்கிவிட்டார். போன தடவை கணவரும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். ஒரு துளையின் மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தார். முந்நூறு மீட்டர் என்று அக்கா சொன்னதும், நூறு மாடிக்கு லிப்ட் போடலாம் என்று கணக்குப் போட்டார்.

"ஆனா வளைஞ்சு போகுது" என்றார் அக்கா.

"அப்ப முடியாது" என்று கணவர் மூடியை மூடினார். இருவரும் சரிவில் மெதுவாக இறங்கினார்கள்.